அரிய ஆங்கிலக் குடும்பப் பெயரின் ஊற்றையும் பரவலையும் கண்டறிவது எப்படி? அட்டன்பரோ என்ற பெயரை முன்வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

ஸ்மித், டெய்லர், ரைட் போன்ற ஆங்கிலக் குடும்பப் பெயர்கள் தொழிலிலிருந்து பிறந்தவை. ஏறத்தாழ ஒவ்வோர் ஊரிலும் ஒரு கொல்லர் இருந்ததால் ஸ்மித் என்ற பெயர் நூற்றுக்கணக்கான ஊர்களில் தனித்தனியே தோன்றியது. இன்று அப்பெயரைத் தாங்கும் இருவர் எங்கேனும் சந்தித்துக்கொண்டால் அவர்களுக்குள் உறவு இருக்கும் என்று எதிர்பார்க்கக் காரணமே இல்லை. அரிய பெயர்களின் கதை வேறு. அவற்றுள் பல ஒரே வட்டாரத்தில், ஒரே குடும்பத்தில், சில வேளைகளில் ஒரே ஒருவரிடம் தொடங்கியவை. ஆகவே பொதுப் பெயரை விட அரிய பெயரை ஆராய்வது எளிது என்பதோடு, கிடைக்கும் விடையும் உறுதியானதாக இருக்கும்.

அத்தகைய பெயர் ஒன்றின் தோற்றத்தையும் இன்றைய பரவலையும் கண்டறியும் முறையைப் படிப்படியாக விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். எடுத்துக்காட்டுக்கு அட்டன்பரோ என்ற பெயரை எடுத்துக்கொள்வோம். 1982-இல் வெளியான ‘காந்தி’ திரைப்படத்தை இயக்கிய ரிச்சர்ட் அட்டன்பரோவும், இயற்கை ஆவணப்படங்களில் நாம் பல பத்தாண்டுகளாகக் கேட்டுவரும் குரலுக்குரிய டேவிட் அட்டன்பரோவும் உடன்பிறந்தவர்கள். இவ்விருவரின் புகழால் அது பரவலான பெயர் போலத் தோன்றினாலும், இங்கிலாந்திலேயே அதைத் தாங்குவோர் மிகச் சிலர்தான்.

தொடங்குமுன் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். பெயராய்வில் இறங்குவோர் பெரும்பாலும் முதலில் அகராதியைத் திறந்து பெயரின் பொருளைத் தேடுகிறார்கள். என் கருத்தில் இது தலைகீழான வரிசை. முதலில் அப்பெயர் எங்கே செறிந்திருந்தது என்று பார்க்க வேண்டும். அடுத்து அங்கே எப்போது முதல் இருந்தது என்று பார்க்க வேண்டும். பொருளை இறுதியில்தான் கேட்க வேண்டும். இடத்தை அறியாமல் சொல்லப்படும் பொருள் பெரும்பாலும் ஒலி ஒப்புமையை நம்பிய ஊகமாகவே முடிகிறது.

படி 1: பெயர் எவ்வகையைச் சேர்ந்தது என்று தற்காலிகமாக வகுத்துக்கொள்ளுங்கள்

ஆங்கிலக் குடும்பப் பெயர்களை நான்கு பெரும் வகைகளில் அடக்கலாம்: தொழிற்பெயர்கள், தந்தை அல்லது தாயின் பெயரிலிருந்து வந்தவை, உருவத்தையோ குணத்தையோ சுட்டும் பட்டப்பெயர்கள், இடத்தைக் குறிப்பவை. இறுதி வகைக்குள் இரு பிரிவுகள் உண்டு. ஒன்று, குறிப்பிட்ட ஓர் ஊரின் பெயரை அப்படியே ஏற்றது. மற்றொன்று, காட்டோரத்தில் வாழ்ந்தவர், கிணற்றருகே வாழ்ந்தவர் என்பது போல நில அமைப்பைச் சுட்டுவது. அட்வுட், அட்வெல் ஆகிய பெயர்கள் இப்பிரிவில் அடங்கும். அரிய பெயர்களுள் பெரும்பகுதி ஊர்ப்பெயரிலிருந்து வந்தவை என்பதால், தேடலை அந்த ஊகத்தோடு தொடங்குவதில் தவறில்லை. ஆனால் அதை ஊகமாகவே வைத்திருக்க வேண்டும்.

இப்பெயர்கள் நிலைபெற்ற காலத்தையும் மனத்தில் கொள்ள வேண்டும். தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாக இடும் தமிழ் வழக்கில் அவ்வெழுத்து தலைமுறைதோறும் மாறுகிறது. இடைக்கால இங்கிலாந்திலும் சாதாரண மக்களின் இரண்டாம் பெயர் நெடுங்காலம் மாறிக்கொண்டேதான் இருந்தது. ஒரே மனிதர் ஓர் ஆவணத்தில் தந்தையின் பெயராலும் இன்னோர் ஆவணத்தில் தொழிலாலும் குறிக்கப்பட்டார். 1066-ஆம் ஆண்டு நார்மன் படையெடுப்புக்குப் பின் நிலவுடைமையாளர்கள் தங்கள் பண்ணைகளின் பெயரைப் பரம்பரைப் பெயராக்கிக்கொண்டனர். அவ்வழக்கம் தெற்கிலிருந்து வடக்காகவும், மேல்தட்டிலிருந்து கீழாகவும் மெல்லப் பரவி, ஏறத்தாழ 1400-க்குள் இங்கிலாந்தின் பெரும்பாலான குடும்பங்களைப் பற்றிக்கொண்டது. வேல்ஸில் தந்தைவழிப் பெயரிடல் இன்னும் பல நூற்றாண்டுகள் நீடித்தது.

ஆங்கிலம் போலத் தோன்றுவதெல்லாம் ஆங்கிலம் அல்ல என்பதையும் இங்கேயே சொல்லிவிடலாம். 1687 முதல் 1692 வரை சென்னைப் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆளுநராக இருந்த எலிஹு யேலின் குடும்பப் பெயர், வடக்கு வேல்ஸிலுள்ள யால் என்ற பகுதியிலிருந்து வந்தது. இங்கிலாந்துக்குள் மட்டும் தேடினால் அப்பெயருக்கு ஊரே அகப்படாது.

படி 2: எழுத்து வடிவங்களை எல்லாம் திரட்டுங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுக்கு முன் ஆங்கிலப் பெயர்களுக்கு நிலையான எழுத்து வடிவம் இருக்கவில்லை. பெயருக்குரியவருக்குப் பல வேளைகளில் எழுதத் தெரியாது. குருவானவரோ எழுத்தரோ தம் காதில் விழுந்தபடி எழுதினார். அட்டன்பரோ என்பதன் கடைசிப் பகுதி மட்டுமே இன்றைய ஏழெழுத்து (borough) வடிவத்திலும், ‘ரோ’ என முடியும் குறுகிய வடிவங்களிலும், ‘பர்ரோ’, ‘பாரோ’ போன்ற ஒலிகளைக் காட்டும் வடிவங்களிலும் பதிவாகக்கூடும். நடுவிலுள்ள உயிரெழுத்தும் மாறும். ஒரு ‘டி’ போதும் என்று எழுதியவர்களும் உண்டு.

இவற்றோடு, பழைய கையெழுத்தைப் படித்துக் கணினியில் ஏற்றியவர்களின் பிழைகளையும் எதிர்பார்க்க வேண்டும். இரண்டு ‘டி’களில் ஒன்று ‘எல்’ ஆகப் படிக்கப்படுவது அடிக்கடி நிகழும். எனவே தேடுதளங்களில் முழுப் பெயரை உள்ளிடுவதோடு நிறுத்தாமல், ஐயத்துக்குரிய இடங்களில், எந்த எழுத்துக்கும் பொருந்தும் நட்சத்திரக் குறியை (*) இட்டுத் தேட வேண்டும். கிடைக்கும் ஒவ்வொரு வடிவத்தையும் ஆண்டு, ஊர் ஆகியவற்றோடு ஓர் அட்டவணையில் குறித்துவைத்தால், எவ்வடிவம் எந்த வட்டாரத்துக்கு உரியது என்பது பின்னர் தானாகவே புலப்படும். அதே வேளையில், ஒலி நெருங்கியிருக்கிறது என்பதற்காக வேறு பெயர்களை இப்பட்டியலில் சேர்த்துவிடக் கூடாது. அட்டர்பரி என்ற பெயர் பார்வைக்கு உறவுபோலத் தெரியும்; அது ஏன் வேறு பெயர் என்பதைப் பொருளாய்வில் காண்போம்.

படி 3: 1881-ஆம் ஆண்டின் வரைபடத்தை வரையுங்கள்

முழு ஆய்விலும் இதுவே முதுகெலும்பு. பிரிட்டனில் 1801 முதல் பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு நடந்தாலும், நாடு முழுவதும் ஒவ்வொருவரின் பெயரும் பதிவானது 1841 முதல்தான். அந்த 1841 பதிவும் குறைபாடுடையது: பதினைந்து வயதுக்கு மேற்பட்டோரின் வயது பொதுவாக ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதப்பட்டது; பிறந்த ஊர் குறிக்கப்படாமல், வசிக்கும் கவுண்டியிலேயே (நம் மாவட்டம் போன்ற ஆட்சிப் பகுதியிலேயே) பிறந்தவரா இல்லையா என்பது மட்டும் குறிக்கப்பட்டது. 1851 முதல் பிறந்த ஊரும் இடம்பெறுகிறது.

இவற்றுள் 1881-ஐத் தேர்வதற்கு இரண்டு காரணங்கள் உள்ளன. அவ்வாண்டு ஏப்ரல் 3 இரவு எடுக்கப்பட்ட கணக்கு, இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து மூன்றுக்கும் தன்னார்வலர்களால் முழுமையாகப் படியெடுக்கப்பட்டு, ஃபேமிலிசர்ச் போன்ற குடும்ப வரலாற்றுத் தளங்களில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. அதைவிட முக்கியமானது, அக்காலத்திலும் பெரும்பாலான குடும்பங்கள் தம் முன்னோரின் வட்டாரத்தை விட்டு வெகுதூரம் போகவில்லை என்பதாகும். 1885-இல் ராவன்ஸ்டைன் என்ற புவியியலாளர் கணக்கெடுப்பிலுள்ள பிறப்பிடத் தகவல்களைக் கொண்டே, இடம்பெயர்வோரில் பெரும்பாலோர் குறுகிய தொலைவுக்கே செல்கிறார்கள் என்று நிறுவினார். தொழிற்புரட்சி நடந்து முடிந்த பின்னும் பெயர்கள் தம் பிறந்த மண்ணைச் சுற்றியே கிடந்தன.

வரைபடம் வரையும் முறை எளிது. பெயரையும் அதன் வடிவங்களையும் தேடி, கிடைக்கும் ஒவ்வொருவரையும் பதிவு மாவட்டவாரியாக எண்ணிக்கொள்ளுங்கள். அடுத்ததாக, பலர் தவறவிடும் ஒரு வேலையைச் செய்ய வேண்டும்: எண்ணிக்கையை அம்மாவட்டத்தின் மொத்த மக்கள்தொகையால் வகுத்து, பத்தாயிரம் பேருக்கு எத்தனை பேர் என்று கணக்கிட வேண்டும். கற்பனை எண்களைக் கொண்டு இதை விளக்கலாம். லண்டனில் ஒரு மாவட்டத்தில் ஒரு லட்சம் பேரில் நாற்பது பேரும், மத்திய இங்கிலாந்தின் ஒரு சிறு மாவட்டத்தில் இருபதாயிரம் பேரில் முப்பது பேரும் இப்பெயரோடு இருப்பதாக வைத்துக்கொள்வோம். எண்ணிக்கையில் லண்டன் முந்துகிறது. ஆனால் அடர்த்தியில் லண்டனுக்கு 4, சிறு மாவட்டத்துக்கு 15. பெயரின் தாயகத்தைக் காட்டுவது இரண்டாவது எண்தான். லண்டன் எல்லாப் பெயர்களையும் தன்னிடம் இழுத்துக்கொண்ட நகரம் என்பதால், அங்கே ஒரு பெயர் இருப்பது அதன் தோற்றத்தைப் பற்றி ஏறக்குறைய எதையும் சொல்வதில்லை.

அட்டன்பரோ பெயரை இவ்வாறு வரைந்தால், நாட்டிங்காம்ஷயரும் டார்பிஷயரும் சந்திக்கும் பகுதியில் செறிவு தெளிவாகத் தெரியும். டிரென்ட் ஆற்றின் வடகரையும், அதில் வந்து கலக்கும் எரவாஷ் என்ற சிற்றாற்றின் பள்ளத்தாக்கும் அமைந்த நிலம் அது. நிலக்கரிச் சுரங்கங்கள், காலுறை நெசவு, நாட்டிங்காமின் லேஸ் தொழில் ஆகியவை அவ்வட்டாரத்திலேயே வேலை கொடுத்ததால், கிராமத்தை விட்டுப் புறப்பட்டவர்களும் பக்கத்து நகரத்தோடு நின்றுவிட வழி இருந்தது.

லண்டனில் தென்படும் சிறு திரளைத் தனியே விளக்க வேண்டும். விக்டோரியா காலத்து லண்டனில் அடகுக்கடை நடத்தியவர்களுள் அட்டன்பரோ குடும்பத்தார் பேர்பெற்றவர்கள். ஒரே தொழிலில் இறங்கிய ஓர் உறவுக்கூட்டம் பிள்ளைகளோடும் பணியில் சேர்த்துக்கொண்ட உறவினர்களோடும் பெருகினால், வரைபடத்தில் அது இரண்டாவது தாயகம் போலத் தோற்றம் தரும். இத்தகைய திரள்களைக் காணும்போது அங்கிருப்போரின் பிறப்பிடப் பத்தியைப் பாருங்கள். முதியவர்கள் மத்திய இங்கிலாந்தில் பிறந்து இளையவர்கள் மட்டும் லண்டனில் பிறந்திருந்தால், அது குடியேற்றம் என்பது உறுதி.

படி 4: இன்றைய பரவலை அதன்மேல் பொருத்திப் பாருங்கள்

இன்றைய நிலைக்கு வாக்காளர் பட்டியலே முதன்மையான சான்று. ஆயினும் 2002 முதல் பிரிட்டனில் வாக்காளர் பட்டியல் இரண்டாகப் பிரிக்கப்பட்டு, விரும்புவோர் பொதுவில் விற்கப்படும் பட்டியலிலிருந்து விலகிக்கொள்ள வழி செய்யப்பட்டது. ஆகவே அதன் பிறகு கிடைக்கும் பட்டியல்கள் முழுமையானவை அல்ல. தொலைபேசி விவரத்திரட்டும் அப்படித்தான். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியின் புவியியலாளர்கள் 1998-ஆம் ஆண்டின் வாக்காளர் பட்டியலையும் 1881 கணக்கெடுப்பையும் ஒப்பிட்டு உருவாக்கிய பெயர் வரைபடங்கள் இவ்வேலைக்கு மிகவும் பயன்படும். உலகளாவிய எண்ணிக்கையைத் தருவதாகக் கூறும் வணிகத் தளங்கள் பல உள்ளன. அவற்றின் எண்கள் பெரும்பாலும் மதிப்பீடுகளே என்பதால், எந்த நாடுகளில் தேடலாம் என்று குறிப்பறிய மட்டும் அவற்றைப் பயன்படுத்துங்கள்.

இரண்டு வரைபடங்களையும் அருகருகே வைத்தால், அரிய ஊர்ப்பெயர்கள் பலவற்றில் ஒரே காட்சி தென்படும். நடுவிலுள்ள செறிவு சற்றுக் கரைந்திருக்கும். ஆனால் இடம் மாறியிருக்காது. அட்டன்பரோவும் இதற்கு விலக்கன்று.

இரண்டுக்கும் இடைப்பட்ட காலத்தை நிரப்புவதில் ஒரு பெரிய பள்ளம் இருக்கிறது. கணக்கெடுப்பு ஆவணங்கள் நூறாண்டுகள் மூடிவைக்கப்படுவதால், 1921-இன் ஏடுகள் 2022 ஜனவரியில்தான் திறக்கப்பட்டன. இங்கிலாந்து, வேல்ஸின் 1931 ஏடுகள் 1942-இல் தீயில் அழிந்தன. போரின் காரணமாக 1941-இல் கணக்கெடுப்பே நடக்கவில்லை. எனவே 1951-இன் ஏடுகள் திறக்கப்படும் 2052 வரை, போர்த் தொடக்கத்தில் அடையாள அட்டைக்காக எடுக்கப்பட்ட 1939 செப்டம்பர் 29-ஆம் நாளின் பதிவேட்டைத்தான் நம்பியிருக்க வேண்டும். பிறப்பு, திருமணம், இறப்புக் குறியீட்டேடுகள் (பதிவுகளின் பெயர்வரிசைப் பட்டியல்கள்) இப்பள்ளத்தின் மீது ஓரளவு பாலம் அமைக்கின்றன. 1911 செப்டம்பர் காலாண்டு முதல் பிறப்புக் குறியீட்டேட்டில் தாயின் கன்னிப் பெயரும் அச்சிடப்பட்டிருப்பதால், அரிய பெயரைப் பொறுத்தவரை உடன்பிறந்தோரைக் குடும்பம் குடும்பமாகப் பிரித்துவிட முடியும். ஸ்மித்களுக்கு இது கனவிலும் நடவாது.

படி 5: 1837-க்கு முந்தைய காலத்துக்கு நகருங்கள்

அரசின் குடிமைப் பதிவு 1837 ஜூலை 1 அன்று தொடங்கியது. அதற்கு முந்தைய காலத்துக்குப் பங்கு (ஓர் ஆலயத்தின் ஆளுகைக்குட்பட்ட வட்டாரம்) ஆலயப் பதிவேடுகளே துணை. ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகிய மூன்றையும் ஒவ்வொரு பங்கும் பதிய வேண்டும் என்று 1538-இல் எட்டாம் ஹென்றி மன்னரின் அமைச்சர் தாமஸ் குரோம்வெல் ஆணையிட்டார். ஆயினும் அவ்வாண்டு முதலே பதிவேடு கிடைக்கும் பங்குகள் குறைவு. பழைய தாள் ஏடுகளைத் தோல் ஏடுகளில் பெயர்த்தெழுதும்படி எலிசபெத் அரசியின் காலத்தில் 1598-இல் ஆணை வந்தபோது, குறிப்பாக அவ்வரசியின் ஆட்சி தொடங்கிய 1558 முதல் பெயர்த்தெழுத வேண்டும் என்றிருந்த சொற்றொடரைப் பலர் வசதியாகப் பற்றிக்கொண்டனர். முந்தைய இருபது ஆண்டுகளின் பதிவுகள் பல பங்குகளில் அத்தோடு மறைந்தன. அதே ஆணையின்படி ஆண்டுதோறும் ஆயருக்கு அனுப்பப்பட்ட நகல்கள், மூல ஏடு அழிந்த இடங்களில் கைகொடுக்கும். 1642-க்கும் 1660-க்கும் இடையில் உள்நாட்டுப் போரும் அதன் விளைவுகளும் பல ஏடுகளில் வெற்றிடத்தை விட்டுச் சென்றுள்ளன.

நாள்காட்டியிலும் கவனம் தேவை. 1752-க்கு முன் இங்கிலாந்தில் ஆண்டு மார்ச் 25-இல்தான் தொடங்கியது. 1690 பிப்ரவரி என்று ஏட்டில் இருப்பது நம் கணக்கில் 1691 பிப்ரவரி. இதை மறந்தால், திருமணத்துக்கு முன்பே பிள்ளைகள் பிறந்துவிட்டதாக முடிவு செய்து ஒரு குடும்பத்தையே தவறாகப் பிணைக்க நேரிடும்.

ஆயினும், ஒவ்வொரு குடும்பத்தின் வழித்தோன்றலையும் முழுமையாகத் தொடுத்த பிறகுதான் பெயரின் ஊற்றை அறிய முடியும் என்று எண்ண வேண்டாம். வரிப்பட்டியல்கள் ஒரு குறுக்குவழியைத் தருகின்றன. 1662 முதல் 1689 வரை இங்கிலாந்தில் அடுப்பு வரி வசூலிக்கப்பட்டது. வீட்டிலுள்ள ஒவ்வொரு அடுப்புக்கும் ஆண்டுக்கு இரண்டு ஷில்லிங். அதற்காக ஊர்வாரியாகக் குடும்பத் தலைவர்களின் பெயர்கள் எழுதப்பட்டன. நாட்டிங்காம்ஷயருக்கு 1664, 1674 ஆகிய ஆண்டுகளின் பட்டியல்கள் அச்சிலேயே கிடைக்கின்றன. 1881-இன் வரைபடத்தில் இருந்த செறிவு இருநூறு ஆண்டுகளுக்கு முன் எத்தனை ஊர்களாகச் சுருங்குகிறது என்பதை இப்பட்டியல் ஒரே பார்வையில் காட்டிவிடும். அரிய பெயர் விரல்விட்டு எண்ணக்கூடிய சில ஊர்களுக்குள் அடங்கிவிட்டால் ஒற்றை ஊற்று என்ற கருத்து வலுப்படும். தொடர்பில்லாத இரு கவுண்டிகளில் அப்போதே இருந்தால், இரண்டு ஊற்றுகளை எண்ணிப் பார்க்க வேண்டும்.

அதற்கும் முந்தைய காலத்துக்கு 1377, 1379, 1381 ஆகிய மூன்று ஆண்டுகளின் தலைவரி (ஆள்வாரியாக விதிக்கப்பட்ட வரி) பட்டியல்கள் உள்ளன. கருங்கொள்ளை நோய் 1348-இலும் 1349-இலும் மக்களைக் கொத்துக்கொத்தாகக் கொன்று முடிந்து, பரம்பரைப் பெயர்கள் இறுகிவந்த காலம் அது. நோயில் எண்ணற்ற பெயர்கள் அடியோடு அழிந்தன. பிழைத்தவற்றுள்ளும் ஆண் வாரிசு இல்லாமல் அற்றுப்போனவை பல. ஆகவே ஒரு பெயர் இன்று அரிதாக இருப்பதற்கு ஏதோ விசேடமான காரணத்தைத் தேடத் தேவையில்லை. சில தலைமுறைகளில் மகன்கள் குறைவாகப் பிறந்திருந்தாலே போதும். இடைக்கால ஆவணங்களில் ஊர்ப்பெயருக்கு முன்னே ‘இன்ன ஊரைச் சேர்ந்த’ என்ற பொருள்தரும் இலத்தீன் முன்னிடை இருக்கும். அது இருப்பதை மட்டும் வைத்து அப்பெயர் பரம்பரையானதா, அவ்வேளைக்குரிய அடையாளமா என்று முடிவு செய்ய இயலாது. மகனும் வேறோர் ஊரில் வாழ்ந்துகொண்டு அதே பெயரைத் தாங்கினால்தான் அது பரம்பரைப் பெயராகிவிட்டது என்று சொல்லலாம்.

படி 6: இப்போது ஊரையும் பொருளையும் தேடுங்கள்

இந்த இடத்தில்தான் அகராதி உண்மையில் பயன்படும். ஊரை முன்னரே வரைபடம் சுட்டிக்காட்டிவிட்டதால், அகராதி சொல்வதைச் சோதித்துப் பார்க்கும் நிலையில் நாம் இருக்கிறோம். ரீனி 1958-இல் வெளியிட்ட அகராதி நெடுங்காலம் துணையாக இருந்தது. ஹேங்க்ஸ், கோட்ஸ், மக்லூர் மூவரும் பதிப்பித்து 2016-இல் ஆக்ஸ்போர்டு வெளியிட்ட பேரகராதி, 1881-இன் பரவலையும் கணக்கில் கொண்டு பொருள் சொல்வதால் அதைவிட நம்பத்தக்கது.

நாட்டிங்காம் நகருக்குத் தென்மேற்கே, டிரென்ட் ஆற்றங்கரையில், அட்டன்பரோ என்ற பெயரிலேயே ஓர் ஊர் இருக்கிறது. அங்குள்ள புனித மரியாள் ஆலயமே அக்கம்பக்கத்து ஊர்களான சில்வெல், டோட்டன் ஆகியவற்றுக்கும் நெடுங்காலம் பங்கு ஆலயமாக விளங்கியது. உள்நாட்டுப் போரில் மன்னருக்கு எதிராகப் போரிட்ட ஆலிவர் குரோம்வெல்லின் மருமகனும் படைத்தலைவருமான ஹென்றி அயர்ட்டன் 1611-இல் பிறந்ததும் இவ்வூரில்தான். ஊரின் பெயர், பழைய ஆங்கிலேய ஆள்பெயர் ஒன்றோடு அரண் சூழ்ந்த இடத்தைக் குறிக்கும் ‘பர்ஹ்’ என்ற சொல் சேர்ந்து உருவானது.

இதற்குப் போட்டியாக இன்னொரு விளக்கமும் உண்டு. இடைக்கால ஆங்கிலத்தில் ‘அட்டன்’ என்றால் ‘அந்த இடத்தருகே’ என்று பொருள். ஆகவே கோட்டையருகே வாழ்ந்தவர் எவரும் அட்டன்பரோ ஆகியிருக்கலாம் என்பது அவ்விளக்கம். கேட்பதற்கு நேர்த்தியாகவே இருக்கிறது. ஆனால் இரண்டு தடைகள் அதன் முன் நிற்கின்றன. முதலாவது இலக்கணம். பழைய ஆங்கிலத்தில் பெயர்ச்சொற்களுக்குப் பால் உண்டு. ஆண்பால், அஃறிணைச் சொற்களுக்கு முன் ‘அட்டன்’ வரும், பெண்பால் சொற்களுக்கு முன் ‘அட்டர்’ வரும். ‘பர்ஹ்’ பெண்பால். ஆகவே கோட்டையருகே வாழ்ந்தவருக்கு முறைப்படி கிடைக்க வேண்டிய பெயர் அட்டர்பரி. அப்பெயரும் தனியே வாழ்கிறது. இரண்டாவது தடை வரைபடம். கோட்டையும் அரண்சூழ் ஊரும் இங்கிலாந்து முழுவதும் இருந்தன. அவற்றிலிருந்து பிறந்த பெயரானால் பல கவுண்டிகளில் சிதறியிருக்க வேண்டும். அதே பெயருடைய ஓர் ஊரைச் சுற்றி மட்டும் செறிந்திருக்கக் காரணம் இல்லை. இவ்விரண்டையும் சேர்த்துப் பார்க்கையில் ஊர்ப்பெயர் என்ற விளக்கத்தையே நான் ஏற்கிறேன்.

செறிவு ஊருக்குள்ளேயே இல்லாமல் சுற்றுவட்டாரத்தில் இருப்பது குறித்துத் தொடக்கநிலை ஆய்வாளர்கள் குழம்புவதுண்டு. அட்டன்பரோவில் வாழும் எல்லோரும் அட்டன்பரோக்காரர்களே என்பதால், ஊருக்குள் அப்பெயர் யாரையும் பிரித்துக் காட்டாது. அங்கிருந்து பக்கத்து ஊருக்குப் போய்த் தங்கியவரையே அக்கம்பக்கத்தார் அப்பெயரால் அழைத்தனர். ஊரை ஆண்ட குடும்பம் ஊரின் பெயரைச் சூடிக்கொள்வது மட்டுமே இதற்கு விலக்கு. ரிச்சர்ட், டேவிட் சகோதரர்களின் தந்தை ஃபிரெடரிக் அட்டன்பரோவையே எடுத்துக்கொள்ளுங்கள். அவர் 1887-இல் பிறந்த ஸ்டேபிள்ஃபோர்டு, அட்டன்பரோ ஊரிலிருந்து ஐந்து கிலோமீட்டருக்குள் இருக்கிறது. பெயர் உருவாகி ஐந்து நூற்றாண்டுகளுக்கு மேலாகியும் அக்குடும்பம் அவ்வளவு தூரம்தான் நகர்ந்திருந்தது. அவர் பழைய ஆங்கிலேய மன்னர்களின் சட்டங்களைப் பதிப்பித்த அறிஞர் என்பதால், ‘பர்ஹ்’ என்ற சொல்லின் பால் எதுவென்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது.

இவ்வூரிலுள்ள இயற்கைச் சரணாலயத்துக்கு டேவிட் அட்டன்பரோவின் பெயரைச் சூட்டியிருப்பதாகப் பலர் நினைக்கிறார்கள். சரளைக்கல் தோண்டிய பள்ளங்களில் உருவான அச்சரணாலயத்தை 1966-இல் அவர் திறந்துவைத்தது உண்மை, பெயர் ஊரினுடையது.

படி 7: மரபணுச் சான்றைக் கொண்டு சோதியுங்கள்

ஆங்கிலக் குடும்பப் பெயரும், ஆண்களிடம் மட்டுமே உள்ள ஒய் குரோமோசோம் என்ற மரபணுத் தொகுதியும் தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்பவை. ஒரு பெயர் ஒரே மூதாதையிடமிருந்து வந்ததானால், அதைத் தாங்கும் ஆண்களின் ஒய் குரோமோசோம்களும் ஒத்திருக்க வேண்டும். லெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டூரி கிங்கும் மார்க் ஜாப்லிங்கும் இவ்வெண்ணத்தைச் சோதித்து 2009-இல் முடிவுகளை வெளியிட்டனர். நாற்பது பிரிட்டானியப் பெயர்களைத் தாங்கிய 1,678 ஆண்களிடம் மாதிரி எடுக்கப்பட்டது. ஸ்மித்களிடையே உள்ள ஒற்றுமை, தெருவில் போகும் எவரோ இருவரிடையே உள்ளதை விட மேலானதாக இல்லை. பெயர் அரிதாக ஆக ஒற்றுமை கூடிக்கொண்டே போனது. அட்டன்பரோ அந்நாற்பதில் ஒன்று: மாதிரி கொடுத்தவர்களில் பத்துப் பேருக்கு ஏறத்தாழ ஒன்பது பேர் ஒரே ஒய் குரோமோசோம் வகையைச் சேர்ந்தவர்கள். அந்த வகை பிரிட்டனில் அரிதானது என்பது இச்சான்றின் வலிமையைப் பன்மடங்கு கூட்டுகிறது. பொதுவான வகையாக இருந்தால் தற்செயல் என்று தள்ளிவிடலாம்.

எஞ்சிய பத்தில் ஒருவரைக் கண்டு பதற வேண்டியதில்லை. தத்தெடுப்பு, தாயின் பெயரைப் பிள்ளை ஏற்பது, சொத்துக்காக மருமகன் மாமனார் வீட்டுப் பெயரை ஏற்பது, திருமணத்துக்கு வெளியே பிறத்தல் ஆகிய எல்லாமே தொடரை அறுக்கும். இவை அனைத்தும் சேர்ந்து தலைமுறைக்கு ஏறத்தாழ 1 முதல் 4.5 விழுக்காடு வரை என்று அதே ஆய்வு மதிப்பிட்டது. இருபது தலைமுறைகளுக்குப் பின்னும் பத்தில் ஒன்பது பேர் எஞ்சியிருப்பதற்கு, இடையில் ஒரு கிளை மட்டும் பெருகி மற்றவை அற்றுப்போனதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

மரபணு வகையின் பெயரைக் கண்டதும் மூதாதையின் நாட்டைச் சொல்லிவிடும் ஆசையை அடக்க வேண்டும். அட்டன்பரோக்களின் வகை இன்று மத்தியதரைக் கடற்பகுதியிலும் ஆப்பிரிக்காவிலும் மிகுதி. அதனால் முதல் அட்டன்பரோ அங்கிருந்து வந்தவர் என்று ஆகிவிடாது. பெயர் தோன்றுவதற்கு ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே அவ்வகை பிரிட்டனை அடைந்திருக்க முடியும். 2007-இல் இதே குழுவினர், கிழக்கு யார்க்‌ஷயருக்குரிய ஓர் அரிய பெயரைத் தாங்கிய பதினெட்டு ஆண்களில் ஏழு பேரிடம், மேற்கு ஆப்பிரிக்காவுக்கே உரிய ஒய் வகை ஒன்றைக் கண்டனர். தம் குடும்பத்தில் ஆப்பிரிக்கத் தொடர்பு இருந்ததாக அவர்கள் அறிந்திருக்கவே இல்லை.

நடைமுறையில் குறைந்தது இருவரின் மாதிரியாவது வேண்டும். ஆவணங்களின்படி ஒருவருக்கொருவர் மிகத் தொலைவான கிளைகளைச் சேர்ந்தவர்களைத் தேர்ந்தெடுங்கள்; அண்ணன் தம்பியைச் சோதிப்பதால் பெயரைப் பற்றி எதுவும் தெரியவராது. சோதனைக்கு இசைவு பெறும்போதே, எதிர்பாராத முடிவு வரக்கூடும் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது ஆய்வாளரின் கடமை.

படி 8: கடல் கடந்த கிளைகளைத் தொடருங்கள்

ஆஸ்திரேலியா, கனடா, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்குக் கப்பல் பயணிகள் பட்டியல்களும் அந்நாட்டுக் கணக்கெடுப்புகளும் உள்ளன. தமிழ் வாசகருக்குக் கைக்கெட்டும் தொலைவில் இருப்பது இந்தியக் கிளை. சென்னை மாகாணத்தில் நடந்த ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் 1698 முதல் லண்டனுக்கு அனுப்பப்பட்டு, இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலக ஆவணங்களில் தனி வரிசையாக உள்ளன. 1680-இல் அர்ப்பணிக்கப்பட்ட புனித ஜார்ஜ் கோட்டைப் புனித மரியாள் ஆலயத்தில் நடந்தவையும் இவற்றில் அடங்கும். நகலில் எழுத்துப்பிழைகள் மூலத்தைவிட மிகுதி என்பதால், இரண்டாம் படியில் திரட்டிய வடிவப் பட்டியல் இங்கே மீண்டும் கைகொடுக்கும். இந்தியாவில் ஓர் அரிய பெயர் தென்பட்டால், அது கிழக்கிந்தியக் கம்பெனிப் பணியாளருடையதா, படைவீரருடையதா, உள்நாட்டில் ஞானஸ்நானம் பெற்றவர் ஏற்றதா என்பதை முதலில் பிரித்தறிய வேண்டும். மூன்றாம் நிலையில் பெயருக்கும் ஒய் குரோமோசோமுக்கும் தொடர்பே இராது.

படி 9: முடிவுகளை எழுதும் முறை

எழுதும்போது ஆவணம் நேரடியாகச் சொல்வதையும், பல ஆவணங்களைச் சேர்த்து நீங்கள் ஊகிப்பதையும், பெயருடைய குடும்பத்தார் வழிவழியாகச் சொல்லிவருவதையும் ஒரே வாக்கியத்தில் கலக்காதீர்கள். குடும்பக் கதைகளில் நார்மன் வீரர் ஒருவர் அடிக்கடி தலைகாட்டுவார். அவரை ஒதுக்கிவிடாமல், கதை என்றே குறித்துவையுங்கள். உயிரோடு இருப்பவர்களின் பெயர், பிறந்தநாள், முகவரி எதையும் வெளியிடாதீர்கள். கவுண்டிவாரியான எண்ணிக்கையே பரவலைக் காட்டப் போதுமானது. உங்களுக்கு முன்பே எவரேனும் அப்பெயரை ஆராய்ந்திருக்கக்கூடும் என்பதால், 1979-இல் தொடங்கப்பட்ட கில்ட் ஆஃப் ஒன்-நேம் ஸ்டடீஸ் என்ற அமைப்பின் பட்டியலில் அப்பெயர் பதிவாகியிருக்கிறதா என்று பார்த்து, பதிவாகியிருந்தால் அப்பொறுப்பாளருக்கு உங்கள் 1881 அட்டவணையோடு எழுதுங்கள்.